வாசப்படி தாண்டாத பேச்சு

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில், முதல் கேள்விக்கு முன்னால் ஒரு வாக்குறுதி இருக்கிறது. நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு சேர்த்து யாரிடமும் சொல்ல மாட்டோம், பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். இதைப் படித்துக் காட்டி, எதிரில் இருப்பவர் சரி என்ற பிறகுதான் பேனாவைத் திறக்கலாம். எங்கள் துறையில் அது அச்சுத் தமிழில் இருந்தது. 'தங்களால் வழங்கப்படும் தகவல்கள் யாவும்' என்று தொடங்கும். கொல்லிமலையில் இதைப் படித்தால் பத்திர ஆபீசிலிருந்து நிலத்தை எடுக்க வந்திருக்கிறார்கள் என்று கதவைச் சாத்திவிடுவார்கள் என்று வகுப்பில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் பேராசிரியை சிரிக்கவில்லை. அப்படியானால் உங்கள் ஊர்ப் பேச்சில் நீயே எழுது என்றார்.

எழுதினேன். நீளமாக ஒன்றுமில்லை. "இங்க பேசுனது இந்த வாசப்படியத் தாண்டாதுங்க. புடிக்காததுக்குப் பதில் சொல்ல வேண்டாமுங்க." அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் அதை மனப்பாடம் செய்தது. சமவெளிப் பிள்ளைகள் 'வாசப்படிய' என்பதை இழுத்து இழுத்துச் சொல்லிப் பழகியதைக் கேட்க எனக்குச் சிரிப்பாகவும் பெருமையாகவும் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு என் பேச்சை மற்றவர்கள் கற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. கொல்லிமலையில் தேவனூர் நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஓட்டு வீடு, வீட்டைச் சுற்றிச் சில்வர் ஓக் மரங்கள், மரங்களில் மிளகுக்கொடி, சரிவில் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி, அதற்கும் கீழே கொஞ்சம் சாமை. மலையிலேயே தங்கிப் படிக்கும் பள்ளி, பிறகு ராசிபுரத்தில் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம் என்று நான் போனேன். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று அரசாங்கம் ஒரு சான்றிதழ் தருகிறது. அதை வாங்க அப்பாவோடு தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றபோது, பக்கத்தில் இருந்தவர் பொண்ணு என்ன படிக்குதுங்க என்று கேட்டார். அப்பாவுக்குப் புவியியல் என்ற சொல் வாயில் வரவில்லை. "பூமியப் படிக்குதுங்க" என்றார். நான் படித்த படிப்புக்கு அதைவிட நல்ல பெயரை நான் இன்னும் கேட்கவில்லை.

எம்.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் மானுடப் புவியியல் ஆய்வு முறைகள் என்று ஒரு பாடம். பாதி வகுப்பறையில், பாதி களத்தில். களத்துக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது எங்கள் மலைதான் என்று நான் விடாமல் வாதாடினேன். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பஸ் எவ்வளவு தூரம், ரேஷன் கடை எவ்வளவு தூரம் என்று தூரத்தைப் பற்றிப் படிக்க அதைவிட நல்ல இடம் எது? வினாப்பட்டியலில் ஒரு கேள்வியையும் நானே சேர்த்தேன். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டது உண்டா? ஏன்?

சின்ன வயதில் எங்கள் ஊரிலிருந்து நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ரோடு இல்லை, பஸ் இல்லை, கூட வர ஆள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து வைத்தோம். கடைசியில் 'வேறு காரணம்' என்று ஒரு கட்டம். பேராசிரியை அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு, இது நல்ல கேள்வி என்றார்.

தை மாதம் மலைக்கு ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தது. நான் மட்டும் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன். வாசலூர்பட்டிப் பக்கம் ஒரு கட்டடத்தில் தங்கினோம். பையன்களுக்கு ஆய்வை விடப் படகுத்துறை மேல்தான் கண். வேலையை முடித்தால் கடைசி நாள் படகு என்று பேராசிரியை ஆசை காட்டி வைத்திருந்தார்.

என் அறைத்தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோர ஊர் அவளுடையது. அப்பா ஆசிரியர். மலையையே அவள் அதுவரை பார்த்ததில்லை. விடுதியில் இரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே பக்கெட். என் மலைப் பேச்சைக் கேலி செய்யாத ஒரே ஆள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு கல்லில் உட்கார்ந்து, "இவ்ளோ உயரத்துல எப்படிடி பயமில்லாம தூங்குறீங்க?" என்றாள். உங்கள் ஊரில் அலை வருமே, அதற்குப் பக்கத்தில் நீ தூங்கவில்லையா என்றேன்.

ஆய்வுக்கு எடுத்த ஊர்களில் எங்கள் சிற்றூரும் ஒன்று. ஊரில் எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதால், கிழக்கு முனையில் தொடங்கி நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்று எண்ணிக்கொண்டே போவது முறை. நமக்குப் பிடித்த வீடு, நன்றாகப் பேசும் வீடு என்று பொறுக்கக் கூடாது. எண்ணிக்கை எங்கே நிற்கிறதோ அங்கே உட்கார வேண்டும். எண்ணிக்கொண்டே வந்தபோது, எண்ணிக்கை எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

நான் அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். விழுந்த வீட்டை விடக் கூடாது என்றார் பேராசிரியை. ஆனால் சொந்த வீட்டில் சொந்தப் பிள்ளை கேள்வி கேட்கவும் கூடாது, காதில் விழும் தூரத்தில் இருக்கவும் கூடாது. பெற்ற பிள்ளை முன்னால் யாரும் உண்மையான பதிலைச் சொல்ல மாட்டார்கள் என்பது பாடத்திலேயே இருக்கிறது. தேர்வில் அதற்கு விடை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அதனால் ஒப்புக்கொண்டேன். அந்த வீட்டுக்கு என் தோழியை அனுப்பினார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு அவளைப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு விழுந்த வீடு, அத்தை முறையில் ஒருத்தி வீடு. பேனாவைத் திறந்ததும் அத்தை தொடங்கிவிட்டாள். "ஏண்டி, எங்கூட்ல எத்தன கோழியிருக்குதுன்னு உனக்குத் தெரியாதாக்கும்? அதுல பாதிய நீதான தின்ன?" பக்கத்தில் நின்ற வகுப்புப் பையன் அதையும் எழுதப் போனான். நான் தடுத்தேன். வாக்குறுதியைப் படித்துக் காட்டியபோது அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாசப்படி தாண்டாத பேச்சு என்று இந்த ஊரில் ஒன்று இருந்தால் அது ஊமை வீட்டுப் பேச்சாகத்தான் இருக்கும் என்றாள்.

அந்த வேலை முடிந்ததும் மேல் சரிவுக்கு ஏறி, எந்தத் துண்டு நிலத்தில் என்ன பயிர் என்று குறித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவில் எங்கள் வாசல் தெரியும். இரண்டு தலைகள் எதிரெதிரே இருந்தன. நேரம் போய்க்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் முடித்தவர்கள் எல்லாம் ரோட்டோரம் கூடிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள் எழுதவில்லை. மடியில் தாள்கள் கிடக்க, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் அவள் திரும்பியபோது சாப்பிடவில்லை. எங்கள் அம்மா எதையாவது போட்டு வயிற்றை நிரப்பியிருப்பாள் என்று நினைத்தேன்.

"என்னடி சொன்னாங்க என்னைப் பத்தி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

"எங்கிட்டயுமா?"

"யார்கிட்டயும். நீ எழுதுனதுதானே?"

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. முறை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை உப்புமா வரிசையில் அவளைக் காணவில்லை. விட்டுப்போன கேள்வி இரண்டு இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது அம்மா அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்கு மறுநாள் பேராசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவள் எங்கள் அம்மாவோடு பஸ் ஏறி, மலையில் கடைவீதி இருக்கும் செம்மேட்டுக்குப் போனாள். திரும்பி வந்த அம்மாவிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளைக்கு வளையல் வாங்கணும்னுச்சு. கூடப் போனேன்."

அவள் கையில் புது வளையல் எதுவும் இல்லை. அதைக் கவனித்தேன். கவனிக்கத்தானே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் கவனித்ததை வைத்து நான் நினைத்தது வேறு. என்னோடு ஒருநாளும் கடைவீதிக்கு வராத அம்மா, ஆசிரியர் வீட்டுப் பிள்ளை கூப்பிட்டதும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போகிறாளே என்று பொறாமையாக இருந்தது. அந்தத் தை மாதத்தில் மிளகு பறிக்க அம்மா ஏணியில் ஏறவில்லை. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அப்பா ஏறினார். எங்கள் வீட்டில் எப்போதும் ஏறுவது அம்மாதான். என்னப்பா இது புதுசாக என்று கேட்டேன். உங்கம்மாளுக்கு வயசாகிப்போச்சு என்று மேலிருந்து அப்பா சொன்னார். நீங்க மட்டும் குமரனாக்கும் என்று கீழிருந்து அம்மா சொன்னாள். மூவரும் சிரித்தோம்.

கடைசி நாள் எல்லாரும் படகுக்குப் போனார்கள். நான் தோழியோடு ஒரே படகில் ஏறவில்லை. அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

விடுதிக்குத் திரும்பிய பிறகும் அப்படியே போனது. சாயங்காலங்களில் அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போவாள். வீட்டோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். நான் தரவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வீடுகளின் தாள்களை எனக்குக் கொடுக்கவில்லை, அதுவும் முறைதான். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்ட காரணங்களை வரைபடமாக்கினேன். நான் நினைத்தபடியே பஸ்ஸும் ரோடும்தான் உயரமாக நின்றன. 'வேறு காரணம்' கொஞ்சம்தான். அதை ஓரத்தில் சாம்பல் நிறத்தில் போட்டேன்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஏறி வந்து கொடியின் அந்தப் பக்கம் நின்றாள்.

"உங்கம்மாவுக்கு மார்ல கட்டி இருக்கு. தையிலயே எங்கிட்டச் சொன்னாங்க."

கையில் இருந்த துணியைப் பிழியாமலே நின்றேன். தண்ணீர் காலில் சொட்டியது. அவள் நிறுத்தாமல் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்பதுபோல் சொன்னாள்.

என் கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள். பதிலுக்கு அம்மா, இங்கே பேசியது வாசப்படி தாண்டாது என்று சொன்னாயே, எம் புள்ளகிட்டயுமா சாமி என்று கேட்டாளாம். ஆமாம்மா, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் அம்மா பேசினாள். போன மழைக்காலத்திலிருந்தே கட்டி இருக்கிறது. ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு அம்மாவின் பதில் பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை. "பரிச்ச முடியட்டும் சாமி. இப்பத் தெரிஞ்சா படிப்பப் போட்டுட்டு ஓடியாந்துரும்." வளையல் வாங்கப் போனதாகச் சொன்ன அன்று, செம்மேட்டில் டாக்டர் பார்த்துவிட்டு உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். போகிறேன் என்று அம்மா இவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் இவள் மலையை விட்டு இறங்கினாள். வராந்தாக் கோடியிலிருந்து ஒவ்வொரு வாரமும் கேட்டிருக்கிறாள். போனேன் சாமி, மாத்திரை குடுத்தாங்க, இப்ப நல்லாருக்குது என்று அம்மா ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கிறாள். அன்று காலை போனை எடுத்தது அத்தை. கை வீங்கி மூன்று நாளாகப் படுத்திருக்கிறாள், எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை என்று அத்தை போட்டு உடைத்துவிட்டாள்.

பேராசிரியையிடம் போய்க் கேட்டேன் என்றாள். வாக்குக் கொடுத்தது அந்த அம்மாவுக்கு, அவர்களிடம்தான் திரும்ப அனுமதி கேட்க வேண்டும், ஆனால் உயிர் என்று வந்தால் என்று இழுத்துவிட்டு அவர் விதிமுறைத் தாள்களைப் புரட்டத் தொடங்கினாராம். அதற்கு மேல் காத்திருக்க முடியாமல் இவள் படியேறி வந்துவிட்டாள்.

"ரெண்டு மாசம்," என்றேன்.

"நீ எழுதுனதைத்தான்டி நான் படிச்சேன்."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. என்னிடம் ஏதோ கேட்பதுபோல் சொன்னாள். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவளோடு நான் நின்று பேசியது அதுதான் கடைசி.

வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, மாராப்பைச் சரிசெய்துகொண்டாள். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவே இல்லை.

"சொல்லிட்டாளாக்கும்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையிறங்கிப் போகிற வெளியூர்ப் பிள்ளையிடம் சொன்னால் நோவும் அவளோடு இறங்கிப் போய்விடும் என்று நினைத்தாளாம். அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"தாண்டாதுன்னாளே கண்ணு. படிச்ச புள்ள, வாக்குத் தவறலாமா?"

"அந்த வாக்க எழுதுனதே நான்தாம்மா."

"தெரியும். அந்தப் புள்ளதான் சொல்லுச்சு, இத உங்க மக எழுதுனதும்மான்னு. அதுனாலதான் சொன்னேன். எம் புள்ள எழுதுனது பொய்க்காதுன்னு."

எனக்கு எழுதத் தெரியும் என்பதில் அம்மாவுக்கு இருந்த பெருமை அவ்வளவு. அவளால் படிக்க முடியாத ஒரு தாளில், நான் எழுதியது என்று யாரோ சொன்ன ஒரு வரியை நம்பி, யாரிடமும் திறக்காத வாயைத் திறந்திருக்கிறாள். அந்த வரி அவளைக் காக்கவும் இல்லை, கடைசிவரை காப்பாற்றப்படவும் இல்லை. அன்று அந்தக் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தபோது யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாக்கைக் காப்பாற்றியதற்காக நான் தோழியை வெறுத்தேன். வாக்கை மீறியதற்காக அம்மா அவளை வெறுத்தாள். ஒரே ஆளை, ஒரே வீட்டில், இரண்டு பேரும் எதிரெதிர்க் காரணத்துக்கு.

அப்பாவுக்கு அன்றுதான் தெரியும். அவர் வெளியே போய், சுவரில் சாத்தியிருந்த மிளகு ஏணியைத் தூக்கிக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்தார். பறிப்பு அதற்கு முன்பே முடிந்திருந்தது, ஏணி அங்கே இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவருக்குச் செய்ய ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

சேலத்தில் சேர்த்தோம். முதலில் வந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று நான் டாக்டரைக் கேட்டேன். அவர் வயதான, பொறுமையான மனிதர். அதை இப்போது கேட்காதீங்கம்மா, இப்போது செய்ய வேண்டியதைச் செய்வோம் என்றார். இரண்டு மாதம் என்ன வித்தியாசம் செய்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு வித்தியாசமும் செய்திருக்காது என்று சில நாள் நினைப்பேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை.

அம்மா வைத்த ஒரே நிபந்தனை, நான் பரீட்சை எழுத வேண்டும் என்பது. அதற்காகத்தானே இவ்வளவும், எழுதாமல் விட்டால் தன்னை ஏமாற்றினதாகத்தான் அர்த்தம் என்றாள். வார்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் எழுதினேன். ஆய்வு முறைகள் தாளில், கள ஆய்வில் நம்பகத்தன்மை பற்றி விரிவாக எழுதுக என்று ஒரு கேள்வி வந்தது. எழுதினேன். அந்தத் தாளில் நான்தான் முதல் மதிப்பெண். முடி கொட்டிய தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அம்மா வார்டில் இருந்த எல்லாரிடமும் அதைச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி என்ன பாடம் என்று கேட்டிருக்கிறாள். ஊரூராப் போயி சனங்ககிட்டப் பேசற படிப்பு என்று அம்மா சொன்னாளாம்.

ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். வீட்டில்தான். மழையில் லாரி சரிவில் ஏறாமல், சொந்தக்காரர்கள் ரோட்டிலிருந்து நடந்து வந்தார்கள். எங்கள் நிலத்தின் மேல் ஓரத்தில் அடக்கம் செய்தோம்.

தோழி வந்திருந்தாள். யார் சொன்னார்களோ, கடலோரத்திலிருந்து தனியாக அத்தனை பஸ் மாறி, அந்த வளைவுகளில் ஏறி வந்திருக்கிறாள். சேலை நனைந்து, முகம் வெளுத்து, வாசலுக்குள் வராமல் சில்வர் ஓக் மரத்தடியிலேயே நின்றாள். அத்தைதான் போய்த் தண்ணீர் கொடுத்து, உள்ளே வா சாமி என்று கூப்பிட்டாள். அவள் தலையை ஆட்டினாள். படியைத் தாண்டவில்லை. எனக்கு எழுந்து போக வேண்டும் என்று இருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. மத்தியான பஸ்ஸுக்கு அவள் இறங்கிப் போவது மரங்களுக்கிடையில் தெரிந்தது. இப்போது அவள் ஊரிலேயே ஏதோ ஒரு ஆபீசில் கணக்குப் பார்க்கிறாள், இனி யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வகுப்பிலேயே ஜனங்கள் முகம் கொடுத்துப் பேசியது அவளிடம்தான்.

நான் அதே துறையில் ஆராய்ச்சி மாணவி ஆனேன். அப்பா இப்போதும் பூமியப் படிக்குதுங்க என்றுதான் சொல்கிறார். இந்த வருடக் களம், மலைக்குக் கீழே துறையூர்ப் பக்கம், புளியஞ்சோலையை ஒட்டிய ஊர்கள். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். அந்தப் பழைய கேள்வியை நான் நீக்கவில்லை. அந்தப் பழைய வாக்குறுதி வரியை மட்டும் நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக வேறு எழுதினேன். "இங்க பேசுனத வெளிய சொல்ல மாட்டேனுங்க. உசுருக்கு ஆபத்துன்னு பட்டா மட்டும், உங்க ஊட்டு ஆளுககிட்டச் சொல்லுவேனுங்க." துறையில் இதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். பேராசிரியை அதைப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

போன வாரம் ஒரு வீடு. எண்ணிக்கை நின்ற இடத்தில் உட்கார்ந்தேன். என் அம்மாவை விடச் சின்ன வயதுப் பெண்மணி. முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குச்சிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார். கலகலப்பாகப் பேசினார். மலையிலிருந்து வந்த பிள்ளையா, உங்க கிழங்குதான் ருசி, எங்க கிழங்கு சும்மா என்றார். நான் வாக்குறுதியைப் படித்தேன். கத்தி நின்றது.

"ஊட்டு ஆளுககிட்டயுங்களா?"

"உசுருக்கு ஆபத்துன்னா மட்டுமுங்க."

மறுபடி உரிக்கத் தொடங்கினார். பஸ், ரேஷன், தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் முன்போலவே பதில் சொன்னார். என் கேள்வி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டது உண்டா? அவர் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

ஏதாவது இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். பழைய வரியைப் படித்திருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்? கட்டத்தில் 'இல்லை' என்று குறித்தேன். மிச்சக் கேள்விகளையும் முடித்தேன். முறைப்படி நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். தாள்களைப் பைக்குள் வைத்தேன், பேனாவை மூடினேன், எழவில்லை.

"மழை வருமாட்ட இருக்குதுங்க. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்" என்றேன்.

அவர் தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். எங்கும் மேகமில்லை. பிறகு என்னைப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு கத்தியை எடுத்துவந்து, கிழங்குக் குவியலில் பாதியை என் பக்கம் தள்ளினார்.